மேக்ஸ் கிளீலண்டைப் பற்றிக் கேட்டிருந்தாயே

டெகேட்டர், ஜார்ஜியா

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். நீ டிமிக்கி கொடுக்கிற ஆள் என்று எனக்குத் தெரியாதா?

இங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு மேக்ஸ் கிளீலண்ட் பெயரை வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். யார் அவர் என்று கேட்டிருந்தாய். அட்லாண்டாவில் பிறந்து, பக்கத்திலேயே லித்தோனியாவில் வளர்ந்தவர். 2021 நவம்பரில், 79 வயதில் காலமானார். என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் வியட்நாம் போய் வந்தவர். கிளீலண்ட் செனட்டராக இருந்ததெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கும் 'எங்கள் மேக்ஸ்' என்றுதான் சொல்வார்.

1968 ஏப்ரல் 8. வியட்நாம் போரில், கே சான் என்ற இடத்தருகே கிளீலண்ட் ஹெலிகாப்டரிலிருந்து இறங்குகிறார், வயது 25. தரையில் ஒரு கையெறி குண்டு கிடக்கிறது. தன் இடுப்பிலிருந்துதான் விழுந்திருக்கும் என்று நினைத்து வலது கையை நீட்டுகிறார். இரண்டு கால்களும் அந்தக் கையும் போயின.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. என் குண்டு, என் கவனக்குறைவு, என்னை நானே இப்படி ஆக்கிக்கொண்டேன் என்று 31 வருஷம் நம்பிக்கொண்டே வாழ்ந்தார். 1999-இல்தான், அன்றைக்கு அவருக்கு ரத்தத்தை நிறுத்தக் கட்டுப்போட்டவர்களில் ஒருவர் தொலைக்காட்சியில் அவர் பேசுவதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். குண்டு வேறொரு சிப்பாயுடையதாம். சட்டென்று உருவ வசதியாக இருக்கட்டும் என்று, தானாகக் கழன்றுவிடாதபடி மடக்கி வைத்திருக்கும் பின்னை அந்தப் பையன் நிமிர்த்தி வைத்திருந்தான். அவனும் காயம்பட்டு, 'என் குண்டு, என் குண்டு' என்று அங்கேயே அழுதிருக்கிறான். 31 வருஷம் கழித்து இதைக் கேட்டால் நிம்மதி வருமா, ஆத்திரம் வருமா? எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்துதான் வரும் என்று தோன்றுகிறது.

1977-இல் அதிபர் கார்ட்டர் அவரை முன்னாள் படைவீரர் துறைக்குத் தலைவராக்கினார், 34 வயதில். அந்தக் காலத்தில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே ஒதுங்கிப் போவார்கள். அரசாங்கத்தின் மேல் அவ்வளவு வெறுப்பு. 1979-இல் இவர் காலத்தில்தான் 'வெட் சென்டர்' என்று ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடைத்தெருக்களில் சின்னச் சின்ன இடங்கள் பிடித்துத் தொடங்கினார்கள். படைவீரர்கள் மனம்விட்டுப் பேச அங்கே போகலாம். ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருப்பவர்களிலும் நிறைய பேர் போருக்குப் போய் வந்தவர்கள். மனக்காயத்துக்குப் பி.டி.எஸ்.டி. என்ற பெயரை மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்ததே அடுத்த வருஷம்தான். இன்று நாடு முழுக்க சுமார் 300 இடங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரும் அப்படி ஒன்றில்தான் முதன்முதலாக வாயைத் திறந்தாராம். அதுவரை மனைவியிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் ஜார்ஜியா மாநிலச் செயலர், 1997 முதல் செனட்டர். 2002 தேர்தலில் பின் லேடன், சதாம் உசேன் படங்களோடு இவரைச் சேர்த்து எதிர்த்து நின்றவர்கள் விளம்பரம் போட்டு, இவருக்கு நாட்டின் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்றார்கள். மூன்று உறுப்புகளைப் போரில் இழந்தவரைப் பார்த்து! அரசியலில் வெட்கத்துக்கு இடமில்லைதான், அதற்கும் ஒரு அளவு வேண்டாமா? அவர்கள் கட்சியையே சேர்ந்த செனட்டர் மெக்கெய்னே அதைக் கண்டித்தார்.

தோற்ற பிறகு மனிதர் நொறுங்கிப்போனார். கடைசியில், 1968-இல் சிகிச்சைக்குச் சேர்ந்த அதே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு, இந்த முறை மனதுக்காகப் போனார். அந்தச் சமயம் ஈராக்கிலிருந்து கால் போன பையன்கள் அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் அந்தக் கதவைத் திறந்துவிட்டவர், தானும் நோயாளியாகப் போய் உட்கார்ந்தார், அதை மறைக்காமல் வெளியே சொன்னார், புத்தகமாகவும் எழுதினார். பதவிகளைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்னாள் படைவீரர்கள் அவரைத் தலைவர் என்று கொண்டாடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முழங்கால் பரவாயில்லை, மாடிதான் ஏற முடியவில்லை. தை மாதம் ஊருக்கு வருவதாக உத்தேசம். டிக்கெட் போட்டதும் தேதி எழுதுகிறேன். அதற்குள் உன் புதுக் கண்ணாடி வந்துவிட்டால், அடுத்த கடிதத்தை உன் கையாலேயே எழுது. பேரன் கையெழுத்தைப் படிக்க என்னால் முடியவில்லையப்பா.

அன்புடன்,
ராமு