செடி அறைக்கு ஏசி வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். மகள் படிப்பை முடித்துவிட்டாள். வேலைக்குச் சேரும் வரை வீட்டில்தான் இருப்பாள், செடி அறையின் பொறுப்பு முழுக்க இப்போது அவளிடம்.

பின்பக்க அறையை லெட்யூஸ் கீரைக்கும் துளசி வகையான பேசிலுக்கும் ஒதுக்கிவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் "120 சதுர அடிதானே, 1 டன் ஏசி போதும்" என்று விற்பனைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அது ஆட்கள் படுத்துத் தூங்கும் அறைக்குப் போடும் கணக்கு. உன் அறையில் சூட்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் லைட்தான், சதுர அடியை வைத்து அதை அளக்க முடியாது.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் எல்ஈடி விளக்குகள் எல்லாம் சேர்ந்து 2,400 வாட்ஸ் இழுக்கின்றன. எல்ஈடியில் சூடு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பழைய சோடியம் விளக்கை விடக் குறைந்த கரண்டில் அதே வெளிச்சம் தரும், அது உண்மை. ஆனால் இழுக்கிற கரண்ட் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். இலையிலும் சுவரிலும் விழுகிற வெளிச்சமும் அங்கேயே சூடாகிவிடுகிறது, செடி சர்க்கரையாகச் சேர்த்துவைப்பது மிகக் கொஞ்சம். எனவே அறைக்குள் நுழையும் கரண்ட் முழுவதையும் கூட்டு. விளக்கு 2,400, ஃபேனும் பம்ப்பும் 150, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒரு 450, ஆக 3,000 வாட்ஸ். ஏசிக்காரர்கள் வெப்பத்தை அளக்கும் அலகு பிடியூ. 1 வாட் என்பது மணிக்கு 3.412 பிடியூ, அப்படியானால் 10,236 பிடியூ. 1 டன் ஏசி மணிக்கு வெளியேற்றுவது 12,000. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வரும் வெயிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துப் பார், 12,000-ஐத் தாண்டிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் டன் அளவும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்தது. வெயில் அதற்கு மேல் ஏறினால் ஏசியின் திறன் இறங்கும், நமக்கு அது மிகவும் வேண்டியிருப்பதும் அந்த நேரத்தில்தான்.

என் தீர்மானம் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட். அதற்கு மேல் போகாதே. தேவைக்கு மேல் பெரிதான ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரம் ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் படிந்து வடிய அது தொடர்ந்து ஓட வேண்டும். இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் அதைச் சொல்கிறேன். வாங்கும்போது அதன் குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்றும் பார், மாடலுக்கு மாடல் அது மாறும்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செடி அறையில் பாதிப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது. செடி குடிக்கும் தண்ணீரில் உடம்பில் தங்குவது சொற்பம், மீதி எல்லாம் இலை வழியாகக் காற்றுக்குப் போய்விடும். நீ ஒரு நாளைக்கு 20 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய அந்த 20 லிட்டரையும் யாராவது அறையிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். லைட் எரியும்போது ஏசி அதில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். லைட் அணைந்த பிறகுதான் சங்கடம். சூடு இல்லாததால் ஏசி ஓய்வெடுக்கும், செடியும் அது வேர்விட்டிருக்கும் தொட்டிக் கலவையும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். 26 டிகிரியில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்த காற்று, ஒரு துளி ஈரம் கூடாமலேயே 20 டிகிரிக்கு இறங்கினால் 93 சதவீதத்துக்குப் போய்விடும். எங்கள் அறையில் லைட் அணைந்து கொஞ்ச நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் லெட்யூஸ் இலையின் பல் பல்லான விளிம்பில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். மேலே இருந்து விழுந்தது இல்லை, காற்று வாங்கிக்கொள்ளாததால் வேர் தள்ளியது விளிம்பில் கசிந்து நிற்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் சாம்பல் பூசணம் வருவதற்கு அந்த ஈரம் போதும்.

ஆகையால் ஏசியிலேயே 'டிரை மோட்' இருக்கிறதே என்று டீஹியூமிடிஃபையரை விட்டுவிடாதே. டிரை மோடும் குளிர்வித்துத்தான் ஈரத்தை எடுக்கும், இருட்டு நேரத்தில் அறை தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும், பேசில் அதைத் தாங்காது. சொல்லப்போனால் இந்த ஏசியே ஈரத்துக்காகப் பிறந்ததுதான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகிப்போக, அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்தார்.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி பக்கம் போகவே வேண்டாம். ஒற்றைக் குழாய் வைத்தது உள்ளே குளிர்ந்த காற்றையே வெளியே ஊதித் தள்ளும். அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்கு வழியாக வெளிச்சூடும் தூசியும் பூச்சியும் உள்ளே வரும். ஜன்னல் ஏசி பரவாயில்லை, ஆனால் சுற்றியுள்ள இடுக்கை நன்றாக அடைக்க வேண்டும்.

வாங்கும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள். கரண்ட் போய் வந்தால் பழைய செட்டிங்கிலேயே தானாக ஓடத் தொடங்குமா? இது இல்லாவிட்டால் நீ ஊருக்குப் போன நாளில் லைட் டைமரில் எரிந்துகொண்டிருக்கும், ஏசி சும்மா கிடக்கும். அடுத்து, வெளியே நல்ல குளிராக இருக்கும்போதும் கூலிங்கில் ஓடுமா? வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஏசி தேவைப்படாது, லைட் எரியும் அறைக்குத் தேவைப்படும். பல மாடல்கள் அதற்கென்று செய்யப்பட்டவை இல்லை.

மாட்டும்போது குளிர்காற்று நேராகச் செடி மேல் அடிக்காமல் பார்த்துக்கொள். காற்றை அசைக்கத் தனியாகச் சின்ன ஃபேன்கள் வை, அதில் ஒன்று லெட்யூஸின் நடுக்குருத்தின் மேல் மெதுவாக இறங்கட்டும். அங்கே காற்று தேங்கினால் உள்ளிலைக்குக் கால்சியம் போய்ச் சேராது, ஓரம் கருகும்.

இன்னொன்று, செலவில்லாத காரியம். லெட்யூஸுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பதாக எழுதியிருந்தாய். அந்த 8 மணி நேர இருட்டைப் பகலின் உச்சி வெயிலில் வை. சாயங்காலம் லைட் எரிய ஆரம்பித்து மறுநாள் முற்பகலில் அணையட்டும். வெளியே குளிர்ந்திருக்கும் நேரத்தில் ஏசிக்கு வேலை சுலபம், கரண்ட் பில்லிலும் தெரியும்.

ஏசிக்குப் பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுது. அறையின் எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, மேலே மொட்டை மாடியா, அந்த அறைக்குத் தனி சர்க்யூட் இருக்கிறதா? அந்த 2,400 வாட்ஸ் டப்பாவில் போட்டதா, மீட்டர் வைத்துப் பார்த்ததா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். டப்பாவில் போட்டது என்றால் ஒரு பிளக் மீட்டர் வாங்கி ஒவ்வொரு விளக்காக அளந்துவிடு. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்