வலி நிவாரணப் பிரிவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் எடுத்துக்கொண்ட வேலைகள் முடிந்தன. (கோயில் வேலையைத்தான் திருப்பணி என்பார்கள். பொருளாளர் நன்கொடை ரசீதில் அப்படி அச்சடித்துவிட்டார். மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.)

இந்த வேலை ஏன் வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. நம் படுக்கைகள் கொரோனா வார்டுக்குப் போயின, புற்றுநோயாளிகள் வீட்டுக்குப் போனார்கள். அதே நாளில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் போனிலேயே மருந்து எழுத வழிவிட்டது. ஆனால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை அப்படி எழுதக் கூடாது என்றது. நமக்கு வேண்டியதோ அந்தச் சட்டத்துக்குள் வரும் வலி மருந்தான மார்ஃபின். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் போடுகிறவரிடம் மாத்திரை தீர்ந்துவிட்டால், பஸ் ஓடவில்லை என்று வலி காத்திருக்குமா? கடைசியில் வீட்டு ஆள் ஒருவர் நோயாளியின் சிகிச்சை நோட்டுடன் பைக்கில் வருவார். மருத்துவர் பின்வாசலில் நின்று விசாரித்துச் சீட்டு எழுதுவார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மார்ஃபினும், மறக்காமல் அதனால் வரும் மலச்சிக்கலுக்கு மருந்தும் கொடுப்போம். அந்தப் பின்வாசல்தான் இப்போது சாய்தளமும் கூரையும் போட்ட தனி மருந்துச் சாளரம். உள்ளே இரட்டைப் பூட்டு அலமாரி இருக்கிறது.

அடுத்தது பார்வையாளர் அறை. உறவினரை உள்ளே விட முடியாததால், வீடியோவில் பேசிக்கொள்ளட்டும் என்று முதலில் டேப் (கையடக்கக் கணினி) வாங்கியது குழுவின் தவறு. அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். காது மந்தமான ஒரு பாட்டி கையில் டேப்பைக் கொடுத்தோம். பேத்தி அந்தப் பக்கம் அழுதுகொண்டே பேச, அவளுக்கு அரை மணி நேரமும் இந்தப் பக்கம் சுழலும் மின்விசிறிதான் தெரிந்தது. அதனால் இப்போது தோட்டத்துப் பக்கச் சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறோம். கட்டில் ஜன்னலை ஒட்டி வரும். பாதுகாப்பு உடை போட்டு ஒருவர் உள்ளே போக வேறு கதவும் உண்டு.

கொரோனாவில் இறந்தவர் முகத்தை, உடல் வைத்த பையைத் திறந்து காட்டலாம், உடலைத் தொடாமல் புனித நீர் தெளிக்கலாம், மந்திரம் ஓதலாம் என்று 2020 மார்ச்சிலேயே அரசு வழிகாட்டுதல் இருந்தது. ஆனாலும் பயம்; நாமும் திறக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பிணவறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

காற்றோட்டம், ஆக்சிஜன் குழாய் வேலைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்புறம், வீட்டுக்குப் போகும் வண்டி வாங்கும் திட்டத்தைக் கைவிட்டோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபின் வலி நிவாரணச் சேவை வீடு தேடிப் போகிறது. அந்தப் பணத்தை மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் தரும் முறையை மற்ற வார்டுச் செவிலியருக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவிட்டோம்.

மருந்துச் சாளரத்தில் மட்டும் சாரல் அடிக்கிறது. தகரத்தை நீட்ட ஆளிடம் சொல்லியிருக்கிறது. தணிக்கை செய்த கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

செயலாளர், திருப்பணிக் குழு