எங்கள் கரைக்கு வரவேண்டிய மணலைக் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
ஊர்ப் பஞ்சாயத்தார் மற்றும் மீனவ மக்கள்,
பொம்மையார்பாளையத்தை அடுத்த கடற்கரைக் கிராமம்,
வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: கடலரிப்பால் அழிந்துவரும் எங்கள் கரைக்குக் கல் கொட்டுவதோடு நிறுத்தாமல், மணல் வந்து சேர வழி செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு உறைகிணறு இருந்தது. படகை இழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் அதில்தான் கால் கழுவுவார்கள், பெண்கள் ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர் மொண்டு போவார்கள். இன்று சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்துபோய், அந்தக் கிணற்றின் சிமெண்ட் உறைகள் மட்டும் அலைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. தாங்கள் நேரில் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவோம். அதற்கும் கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி வலை காயப்போடும் மேடு, அப்புறம்தான் கடல் என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளே நம்புவதில்லை.

இதை இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கடலில் பங்குனி வாக்கில் தொடங்கி ஐப்பசி வரை பெரும்பாலும் தெண்டிதான் ஓடும். தெற்கிலிருந்து வடக்கே போகிற அந்த நீரோட்டம் மணலையும் தள்ளிக்கொண்டு வரும். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே போகிற வன்னி நீரோட்டம் ஓடும்போது கொஞ்சம் மணல் தெற்கே திரும்பும். மொத்தத்தில் வடக்கே வருவதுதான் மிகுதி, அதில்தான் எங்கள் கரை நின்றது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்களை நீட்டினார்கள். சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது, வடக்கே கரை அரித்துப்போனது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியதும் அரிப்பு சோதனைக்குப்பத்துக்கு நகர்ந்தது. பிறகு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று ஒவ்வொரு ஊராக ஏறி எங்களிடம் வந்திருக்கிறது. தேங்கும் மணலை இறைத்து வடக்கே விடவேண்டும் என்பது அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. அது ஒழுங்காக நடந்திருந்தால் நாங்கள் இந்த மனுவோடு வந்திருக்க மாட்டோம்.

கல் கொட்டியதால் வீடுகள் சில தப்பின, அதை மறுக்கவில்லை. ஆனால் கல் இருக்கிற இடத்தில் ஃபைபர் படகை ஏற்ற முடியாது. போன வாடையில் ஒரு படகு அலையில் திரும்பிக் கல்லில் மோதி, அதன் முன்பகுதியான அணியம் பிளந்துபோனது. அதில் வந்த பையனுக்கு முழங்கால் எலும்பு முறிந்து, இன்னும் கடலுக்குப் போகவில்லை. கரை இல்லாததால் பக்கத்து ஊர்க் கரையில் படகு விடுகிறோம். அங்கேயும் இடம் குறுகிவிட்டது, அண்ணன் தம்பியாக இருந்தவர்களுக்குள் வாய்த்தகராறு வருகிறது. கருவாடு காயவைக்கும் பெண்கள் தார்ச்சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, வண்டிப் புழுதியில் காயவைக்கிறார்கள். அந்தக் கருவாட்டுக்கு வியாபாரி பாதி விலைதான் தருகிறார். தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும் கல்லைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போகிறது.

இன்னும் கல் போட்டால் அரிப்பு எங்களுக்கு வடக்கே இருக்கும் ஊருக்குப் போகும். எங்கள் துன்பத்தை அவர்கள் தலையில் கட்ட எங்களுக்கு மனமில்லை. நாங்கள் கேட்பது மணல். துறைமுகச் சுவருக்குத் தெற்கே தேங்குவதையும் துறைமுக வாய்க்காலில் தூர்வாருவதையும் வடக்கே கொண்டுவந்து கடலோரம் விட வேண்டும், ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும். புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி கடலுக்கடியில் தடுப்பு வைத்த பிறகு மணல் திரும்ப வந்ததை நாங்களே போய்ப் பார்த்தோம். அப்படி ஒன்று இங்கே பொருந்துமா, அதனால் வடக்கே பாதிப்பு வருமா என்பதையும் ஆய்வு செய்யச் சொல்லுங்கள். துறைமுகம் புதுச்சேரியில், நாங்கள் தமிழ்நாட்டில். அங்கே கேட்டால் உங்கள் மாவட்டத்தில் சொல்லுங்கள் என்கிறார்கள், இங்கே சொன்னால் அது அவர்கள் துறைமுகம் என்கிறார்கள். இரு அரசுகளின் அலுவலர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தங்களால்தான் முடியும். அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேருக்கும் இடம் வேண்டும்.

இன்னொன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாராகும் வரைபடத்தில் மீனவர்களின் பொது இடங்களையும் குறிக்க வேண்டும். எங்களுடைய படகுத்துறை, வலை மேடு, கருவாட்டுக் களம், கடலுக்குப் போகும் பாதை எல்லாவற்றையும் ஊராரை வைத்து அளந்து குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாதையில் பாதியை இப்போதே ஒரு விடுதியின் மதில் அடைத்திருக்கிறது.

வாடை பிறப்பதற்குள், அதாவது ஐப்பசிக்கு முன்பாக, தாங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வந்தால் படகுகள் கரை ஏறப் படும் பாட்டையும் பார்க்கலாம், வீடு வீடாக எல்லோரிடமும் பேசலாம். கையெழுத்துகளும், கிணறு கரையில் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படமும், இப்போது எடுத்ததும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
ஊர்ப் பஞ்சாயத்தார், மகளிர் குழுவினர் மற்றும் கிராம மக்கள்