பேக்கேஜ் புதுசு, டிஸ்க்கில் இருப்பது பழசு

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸ் சர்வர் பராமரிப்பு பற்றி உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணினியை இயக்கியதும் ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட் லோடருக்கு அதில் ஒரே ஒரு வரி. மற்ற பேக்கேஜ்களோடு அதுவும் தானாக அப்டேட் ஆகிவிடுமாம். அதை நம்பித்தான் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

2020 ஜூலை கடைசியில், லினக்ஸில் பரவலாக இருக்கும் பூட் லோடரான கிரப்-2-இல் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததும் அவசரமாக அப்டேட் போட்டேன். ரெய்டு-1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் நகலாக வைக்கும் முறை) போட்டு இரண்டு டிஸ்க் உள்ள டெபியன் லினக்ஸ் சர்வர். முந்தைய வருடம் பழுதான ஒரு டிஸ்க்கை மாற்றியபோது, புதியதில் பூட் லோடரை எழுதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கையால் ஓட்டியிருந்தேன். ஆனால் எந்தெந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று பேக்கேஜ் வைத்திருக்கும் குறிப்பில் அதைச் சேர்க்கவில்லை. என் தவறுதான். பேக்கேஜ் தன் குறிப்பில் இருந்த டிஸ்க்கில் மட்டும் எழுதியது. கணினியின் தொடக்க நிரலான பயாஸோ மற்றதிலிருந்து பூட் செய்தது. டிஸ்க்கின் ஆரம்பத்தில் பழைய கிரப், பூட் டைரக்டரியில் அதன் துணைப் பகுதிகளான மாட்யூல்கள் புதியவை; இரண்டும் ஒத்துப்போகவில்லை. ரீபூட் செய்தால் 'கிரப்_கேலாக்' என்ற சிம்பல் இல்லை என்று ஒரு வரி, அப்புறம் ஓஎஸ் ஏறாமல் நிற்கும் கிரப் ரெஸ்க்யூ திரை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் திரையைப் பார்த்தால் வயிறு கலங்கும். லைவ் யுஎஸ்பியில் ஏற்றி, சிஹெச்ரூட் கட்டளையால் டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் போய், இரண்டு டிஸ்க்கிலும் மறுபடி எழுதினேன். பேக்கேஜின் குறிப்பை மாற்றும் டிபிகேஜி-ரீகான்ஃபிகரில் இரண்டையும் டிக் செய்த பிறகுதான் நிம்மதி.

அப்டேட்-கிரப் ஓட்டினேனே என்று பலர் சொல்வார்கள். அது மெனு ஃபைலை மட்டும்தான் திருப்பி எழுதும், பூட் லோடரைத் தொடாது. பழைய பூட் லோடரான லிலோ காலத்து ஆட்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் மாறினால் லிலோ கட்டளையை ஓட்டியே ஆக வேண்டும் என்று கைக்கே பழகியிருந்தது.

கிரப்பை விட்டுவிட்டு சிஸ்டம்டி-பூட் என்ற வேறொரு பூட் லோடருக்கு மாறலாமா என்றும் கட்டுரை கேட்கிறது. பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள சர்வர், ஒரே ஓஎஸ் என்றால் சரி, எளிமையானது. பழைய பயாஸ் பெட்டியில் அது ஓடவே ஓடாது. தவிர, அது தானாக ரெய்டையோ, டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மையோ படிக்காது. கெர்னல், ஃபேட் என்ற எளிய ஃபைல் அமைப்பு உள்ள பார்ட்டிஷனில்தான் பெரும்பாலும் இருக்கும், இரண்டு டிஸ்க் என்றால் அந்தப் பார்ட்டிஷனையும் இரண்டிலும் வைத்து ஒரே மாதிரி காப்பது நம் தலையில்தான். என் பழைய சர்வர்களில் கிரப்பே தொடர்கிறது. இப்போதெல்லாம் அப்டேட் முடிந்ததும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மற்றதிலிருந்து பூட் ஆகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி