வெம்பிளியிலிருந்து தோற்றுத் திரும்பிய எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

கொவென்ட்ரி, ஜூன் 2023

அன்புள்ள அனைவருக்கும்,

மே 27-ம் தேதி சாயங்காலம் லண்டன் வெம்பிளி மைதானத்தில் எங்கள் கால்பந்து அணி கொவென்ட்ரி சிட்டி தோற்றது. 120 நிமிடம் ஆடியும் 1-1. பெனால்டியில் எதிரணி லூட்டன் 6, நாங்கள் 5. கடைசிப் பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தபோது, 22 வருடமாக இந்த ஊர் காத்திருந்த ப்ரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல் அடுக்கு) கனவும் அதோடு போயிற்று. திரும்பும் பேருந்தில் என் மகன் அழுது அழுது என் மடியிலேயே தூங்கிவிட்டான். ஒன்பது வயது. நாலு நாள் கால்பந்து என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "அப்பா, தாத்தா எப்படி இருக்காரு? போன் பண்ணீங்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது எங்கள் பக்கத்து இருக்கைக்காரரை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்த வருடம் முழுக்க எத்தனை பேர் எங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று. பலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் அக்கா. முதல் நன்றியும் அவருக்குத்தான்.

அக்கா, எனக்குச் சனிக்கிழமை மதியம் 2 மணி ஷிப்ட். இங்கே சனிக்கிழமை 3 மணிக்குத்தான் ஆட்டம். மகனுக்கு சீசன் டிக்கெட் வாங்கிக்கொடுத்துவிட்டு, கூட்டிப்போக வழியில்லாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே "என் ஞாயிற்றுக்கிழமையை நீ எடுத்துக்க, உன் சனிக்கிழமையை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, 11 சனிக்கிழமை. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்களுக்கும் சனிக்கிழமை சனிக்கிழமைதான். அதில் ஒருநாள் உங்களுக்குக் காய்ச்சல் என்று திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

ஏப்ரல் மாதம் பிளாக்பர்ன் அணியோடு ஆட்டம் நடந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? இரவு ஷிப்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு உள்ளூர் பிபிசி சிடபிள்யூஆர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குளிருக்கு நீங்களும் ஏறி உட்கார்ந்தீர்கள். 0-1 என்று பின்தங்கியிருந்தோம், கூடுதல் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று வர்ணனையாளர் கத்துகிறார், கோல் போட்டது நம் கோல்கீப்பர் பென் வில்சன் என்று. நான் ஸ்டியரிங்கில் அடித்த அடியில் ஹார்ன் ஒலித்து வாட்ச்மேன் ஓடிவந்தார். "கோல்கீப்பர் ஏன் அங்கே போனாரு?" என்று நீங்கள் கேட்டீர்கள். தோற்கப்போகிற நேரத்தில் எல்லாரும் முன்னால் போவார்கள் அக்கா, காவலுக்கு ஆளில்லாமல் விட்டுவிட்டுக்கூடப் போவார்கள். நம் அணியின் கோல்கீப்பர் ஒருவர் கோல் போட்டது 1986-ல் ஸ்டீவ் ஓக்ரிசோவிச்சுக்கு அப்புறம் அன்றைக்குத்தான். ஆட்டம் 1-1 என்று சமனாகிக் கிடைத்த அந்த ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்பது கணக்கு முடிந்த பிறகு புரிந்தது. நாங்கள் 70 புள்ளியோடு ஐந்தாம் இடம், ஆறாவது வந்த சண்டர்லாந்துக்கு 69.

எங்கள் அணி ஆடிய சாம்பியன்ஷிப் லீக் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கு அது. 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம். முதல் இரண்டு இடம் நேராக ப்ரீமியர் லீக்குக்குப் போகும். மூன்று முதல் ஆறு வரை வந்தவர்கள் ப்ளே-ஆஃபில் மோதி, அதில் ஒரே ஒரு அணி போகும். பத்து மாத உழைப்பு ஒரு சாயங்காலத்தில் முடிவாகிவிடும்.

அடுத்து மைதான ஊழியர்களுக்கு. போன ஆகஸ்டில் எங்கள் புல்தரை பார்க்கச் சகிக்கவில்லை. காமன்வெல்த் விளையாட்டின் ரக்பி செவன்ஸ் ஆட்டங்கள் எல்லாம் அந்த ஒரே தரையில் சில நாட்களுக்குள் நடந்து முடிந்திருந்தன. ஆடினால் கால் போய்விடும் என்ற நிலை. சொந்த ஊரில் நடக்கவேண்டிய மூன்று லீக் ஆட்டங்களைத் தள்ளிவைத்தார்கள். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்த மகனிடம் ஆட்டம் இல்லை என்று சொன்னது நான்தான். தரையைப் பெயர்த்து, திரும்பப் போட்டு, ஆட்டத்துக்குத் தயாராக்கியவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை. ஆகஸ்ட் கடைசி நாள் பிரெஸ்டனுக்கு எதிராக அந்தப் பச்சையைப் பார்த்தபோது, தோற்றாலும் பரவாயில்லை என்றிருந்தது. தோற்றும் போனோம், 0-1. உங்கள் உழைப்பை நாங்கள் பார்த்தோம் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஐயா, செப்டம்பர் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லாமல் அட்டவணையின் அடியில் கிடந்தோம். எனக்கே சலித்துவிட்டது. நீங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் அரைமணி முன்னதாக வந்து, பிளாஸ்டிக் பையை இருக்கையில் விரித்து, பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி முதலில் என் மகனிடம் நீட்டுவீர்கள். சூடு ஆற அவன் ஊதுவதைப் பார்த்துக்கொண்டே பழைய கதை சொல்வீர்கள். பயிற்சியாளர் ஜிம்மி ஹில் காலத்தில் அணி முதல் அடுக்குக்கு ஏறியது, 1967 முதல் 2001 வரை 34 வருடம் கீழே இறங்காமல் இருந்தது, 1987-ல் டாட்டனமை 3-2 என்று வென்று எஃப்ஏ கோப்பையைக் கொண்டுவந்தது எல்லாம் அவனுக்கு இப்போது மனப்பாடம்.

ஆனால் அவன் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை அந்த மேட்டுக் கதைதான். 2013-ல் வாடகைத் தகராறில் அணி ஊரைவிட்டே போய் நார்த்தாம்டனில் ஆடியதும், அந்த மைதானத்துக்குள் காசு கொடுத்து நுழைய மாட்டேன் என்று நீங்களும் மற்றவர்களும் வெளியே ஒரு மேட்டில் ஏறி நின்று ஆட்டம் பார்த்ததும். மழையில் நின்றிருக்கிறீர்கள். பாதி மைதானம்தான் தெரியுமாம். 2019-ல் மறுபடி பர்மிங்காமுக்குத் துரத்தப்பட்டு, இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பினோம். கைமாறிய மைதானத்திலிருந்து காலிசெய்யச் சொல்லி போன டிசம்பரில் நோட்டீஸ் வந்தபோது நான் பதறினேன். நீங்கள் மூடியைத் துடைத்துக்கொண்டே, "அணி எங்கே போனாலும் நாம அங்கேதான்" என்றீர்கள். நல்லவேளை, அந்த மாதமே ஒப்பந்தம் ஆயிற்று, ஜனவரியில் கிளப்புக்கும் புது உரிமையாளர் வந்தார். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய என் பிள்ளைக்கு இது தன் ஊர் என்ற எண்ணம் வந்தது அந்த இருக்கையில் வைத்துத்தான். அதைக் கொடுத்தது நீங்கள்.

பயிற்சியாளர் மார்க் ராபின்ஸுக்கும் அவர் ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கும். 2017 மார்ச்சில் நீங்கள் திரும்ப வந்தபோது அணி நான்காம் அடுக்குக்குச் சரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, ஆறு வருடத்தில் வெம்பிளி வாசலில் நிறுத்தினீர்கள். விக்டர் யோக்கெரெஸ் போட்ட 21 லீக் கோல், மிடில்ஸ்பரோவில் ஹாமர் போட்ட அந்த ஒரே கோல், இறுதியில் யோக்கெரெஸ் இழுத்துக் கொடுத்து ஹாமர் சமன்செய்த கோல். அந்த நிமிடம் என் மகன் பெரியவரின் தோளில் இருந்தான்.

ஃபாங்காட்டி டாபோ, உங்களுக்குத் தனியாக.

தவறியது உங்கள் உதை என்று செய்திகள் சொல்கின்றன. அதற்கு முன் ஐந்து பேர் உதைத்து ஐந்தும் உள்ளே போனது. ஆறாவதாக, அடித்தே தீரவேண்டும் என்ற நிலையில், 85,000 பேருக்கு நடுவில் நடந்து போய்ப் பந்தை வைத்தவர் நீங்கள். 2019-ல் இங்கே வந்து, மூன்றாம் அடுக்கில் பட்டம் வென்ற அணியில் ஓடியவர் நீங்கள். அன்று ராத்திரி இணையத்தில் உங்கள் நிறத்தை வைத்து எழுதப்பட்டவற்றைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது. அவர்கள் எங்களில் ஒருவர்கூட இல்லை. என் மகன் அறைச் சுவரில் உங்கள் படம் இருக்கிறது. ஆட்டம் முடிந்த மறுநாளும் அது அங்கேயேதான் இருந்தது.

இன்னும் ஒருவர். பெயர் தெரியாது. வெம்பிளிக்கு வெளியே கூட்டத்தில் எங்கள் பேருந்தைத் தொலைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தோம். ஆரஞ்சுச் சட்டை போட்ட லூட்டன் அம்மா ஒருவர், தன் ஆட்கள் கொண்டாடப் போய்க்கொண்டிருக்க, நின்றுவிட்டார். என் மகன் முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "போன வருஷம் இதே ப்ளே-ஆஃப்ல நாங்க அழுதோம்" என்றார். 30 புள்ளியைப் பறிகொடுத்து 2009-ல் லீக்கைவிட்டே வெளியே போனவர்கள் அவர்கள். ஐந்து வருடம் முன்னால் நாங்கள் இருவருமே நான்காம் அடுக்கில் இருந்தோம். அவர்களுடைய கேப்டன் டாம் லாக்யர் மயங்கி விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனபோது எங்கள் பக்கத்திலிருந்து கைதட்டியதைப் பார்த்தேன் என்றார், கண் கலங்கியது. பேருந்துகள் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தார். அம்மா, உங்கள் அணி மேலே நன்றாக ஆடட்டும். மனதார வேண்டுகிறேன்.

பெரியவருக்குப் போன் பண்ணிவிட்டோம். சளி பிடித்திருக்கிறது, மற்றபடி சுகம். அதே இரண்டு இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே அவரும் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டார். அக்கா, அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் சனிக்கிழமைகளைச் சிவப்பில் வட்டமிட்டு ஓய்வறை அலமாரிக் கதவில் ஒட்டுகிறேன். இந்தத் தடவை உங்களுக்கு வேண்டிய சனிக்கிழமைகளை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மீதியைப் பார்த்து நான் கேட்கிறேன்.

அன்புடன்,
வான்நீலச் சட்டைக்காரன் ஒருவனின் அப்பா