பொத்தானின் பின்பக்கத்தையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் அருகே ஒரு கடலைக்கொல்லையில் மெட்டல் டிடெக்டர் வைத்து ஓர் இளைஞர் எடுத்த பித்தளைப் பொத்தானின் படம் சென்ற இதழில் வந்திருந்தது. அதன்கீழ் ‘1806 சிப்பாய்ப் புரட்சியில் உயிர்நீத்த வீரனுடையது’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாங்கள் அறியாததல்ல. 1855 வரை வெள்ளைக்காரச் சிப்பாய்க்கே வெள்ளீயக் கலவைப் பொத்தான்தான். அதில் படைப்பிரிவின் எண் இருக்கும். புரட்சி நடந்த 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் 69ஆம் பிரிவினர். தங்கள் படத்திலோ எண்ணே இல்லை. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச முத்திரையும், நடுவில் குழியாமல் உருண்டு நிற்கும் கிரீடமும் இருக்கின்றன. அந்தக் கிரீடம் 1901இல் விக்டோரியா மகாராணி காலமான பிறகு வந்தது. புரட்சி முடிந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து!

இதே பொத்தான் என் வீட்டில் இருக்கிறது. பர்மா போர்முனையிலிருந்து திரும்பிய என் தாத்தா, பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மார்கழிப் பனியில் கொல்லைக் காவலுக்குப் போவார். ஐந்து பொத்தான்களில் இரண்டு அங்கேயே அறுந்து விழுந்தன. கொல்லையில் பொத்தான் கிடைக்க அங்கே போர் நடந்திருக்க வேண்டியதில்லை ஐயா. எங்கள் ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றித் தங்கள் இதழ் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது அவர்களுடைய பொத்தானையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மிஞ்சிய மூன்றில் ஒன்றை ஒரு பள்ளிக் கண்காட்சிக்குத் தந்தேன். புளி போட்டுத் தேய்த்துத் திருப்பித் தந்தார்கள். பின்பக்கம் வட்டமாக, செய்த ஊரான ‘பர்மிங்ஹாம்’ பெயரோடு இருந்த எழுத்தில் பாதி போய்விட்டது. செய்தவர் யார், எந்தக் காலம் என்று சொல்வது அந்த எழுத்துதான். இருபத்திரண்டு ஆண்டுகள் பட்டாளத்தில் பித்தளை துலக்கியவன் சொல்கிறேன்: உடுப்பில் இருப்பதைத் துலக்கலாம், மண்ணிலிருந்து வந்ததைத் துலக்கக் கூடாது.

பள்ளி மைதானத்தில் எறியும் இரும்புக் குண்டைப் பீரங்கிக் குண்டு என்று போன ஆண்டு வெளியிட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. இம்முறை, ஆர்வமுள்ளவர்கள் கருவியோடு கோட்டைப் பக்கம் போகலாம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை அது. அங்கே அனுமதியின்றித் தோண்டினால் வழக்குதான். வெளியே கிடைத்தாலும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தங்களை நம்பிப் போகும் பிள்ளைகளை யார் மீட்பது?

அந்த இளைஞர் பொத்தானைத் தேய்ப்பதற்குள் அதன் பின்பக்கத்தைப் படமெடுத்து அடுத்த இதழில் வெளியிடுங்கள். கூடவே ‘1806’ என்பதைத் திருத்தி ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
காட்பாடி.