சென்னை வானொலியின் வயதைக் குறைக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சென்னை வானொலி பற்றிய கட்டுரை 1938 ஜூன் 16-இல் தொடங்குகிறது. எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்ட நாள் அது. ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே இந்த ஊரில் மாலை நேர ஒலிபரப்பு நடந்திருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது மனதை மிகவும் உறுத்தியது.

1924 மே 16-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடி சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களை இங்கே பூட்டி ஓர் ஒலிபரப்புக் கருவியை அவர் உருவாக்கினார். ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பமானது. கருவியின் சக்தி 40 வாட். பழைய வீடுகளின் கூடத்தில் எரிந்த குண்டு பல்பு எடுத்துக்கொண்ட அளவுதான்! லண்டனில் பிபிசி பேசத் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பம்பாயில் வைஸ்ராய் இர்வின் பெரிய நிலையத்தைத் திறந்து வைத்தது 1927 ஜூலையில். பம்பாய், கல்கத்தா நகரங்களிலும் இத்தகைய ஆர்வலர் சங்கங்கள் இருந்தன. சென்னை அவற்றுக்குச் சளைத்ததல்ல.

மின் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த மாலைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. கேட்பவர்களில் வசதி குறைந்தோருக்கு வாய்த்தது கிரிஸ்டல் செட். அதற்கு பேட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஏரியல் கம்பியில் வந்து சேரும் அலையின் சக்தியே காதுக்குழாயை ஒலிக்க வைக்கும். ஈயத்தாதுப் படிகத்தின் மேல் மெல்லிய கம்பி முனையை நகர்த்தி நகர்த்தி, ஒலி எங்கே தெளிகிறது என்று தேடவேண்டும். யாராவது மேஜையை இடித்தால் பாட்டு மறைந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். வால்வு செட் வைத்திருந்தவர்களுக்கோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதே ஒரு வேலை. இத்தனை சிரமமும் மாலையில் இரண்டரை மணி நேரம் இசையும் பேச்சும் கேட்பதற்காக.

சந்தாவை நம்பி நடந்த கிளப்புக்குப் பணம் போதவில்லை. பின்னர் 200 வாட் கருவிவரை முன்னேறியிருந்தும் 1927 அக்டோபரில் அது மூடப்பட்டது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1-இல் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் நொடித்துப்போன தனியார் ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையங்களை இந்திய அரசு ஏற்றுக்கொண்டதும் அதே நாளில்தான். அங்கே அரசு செய்ததை இங்கே ஒரு நகரசபை செய்தது.

கட்டுரையாளர் இதைத் தவறவிட்டிருக்கவே கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாநகராட்சி ஒலிபரப்பியதோடு நிற்கவில்லை, மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவியது. தன் பள்ளிகளுக்கும் ரேடியோ கொடுத்து மாணவர்களுக்கென நிகழ்ச்சிகள் நடத்தியது. வீட்டில் ரேடியோ வைத்திருக்க ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணம் செலுத்தவேண்டியிருந்த காலம் அது. அந்தத் தொகை அன்றைய கூலித் தொழிலாளிக்கு எட்டாதது, செட்டின் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படிப்பட்டவர்களும் மாலையில் மணலில் உட்கார்ந்து காலணா செலவில்லாமல் சங்கீதம் கேட்க முடிந்தது. சபாக்களுக்கு டிக்கெட் வாங்க முடியாதவர்களின் காதுக்கு இசையைக் கொண்டுசேர்த்தது ஒரு நகரசபை. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட அதே நிர்வாகம் மக்கள் பாட்டுக் கேட்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இதைவிடப் பெருமைப்படத்தக்க செய்தி சென்னையின் நவீன வரலாற்றில் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எட்டு ஆண்டுகள் மாநகராட்சி இதை நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலி வந்ததும் அந்தப் பணி முடிவுக்கு வந்தது. புதிய நிலையத்துக்கு மாநகராட்சியின் கருவியைவிடப் பல மடங்கு சக்தியுள்ள கருவி கிடைத்தது. தென்னாடு முழுவதும் அதைக் கேட்டது. அதன் சாதனைகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. டெல்லி பொறுப்பேற்ற நாளையே பிறந்தநாளாக எழுதும் பழக்கத்தைத்தான் மறுக்கிறேன். சொந்தக் கையால் கருவி பூட்டியவர்களும் வரிப்பணத்தில் அதைக் காப்பாற்றிய நகரசபையும் அப்போது கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள்.

அடுத்த இதழில் இந்தத் தகவல்களைத் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரிப்பன் மாளிகை வளாகத்தில் கிருஷ்ணசாமி செட்டியின் பெயரோடு ஒரு கல்வெட்டு வைக்கும்படி மாநகராட்சிக்குத் தங்கள் இதழ் தலையங்கம் எழுதினால் நல்லது. அந்த ஒலிபரப்பைக் கேட்டவர்களின் நாட்குறிப்புகள், கடிதங்கள், பழைய லைசென்ஸ் தாள்கள் எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கக்கூடும். அவற்றை அனுப்பும்படி வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர்,
மயிலாப்பூர், சென்னை